அஜாக்ஸ் என்றால் எந்த அஜாக்ஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்பந்து பார்ப்பவரிடம் அஜாக்ஸ் என்று சொன்னால் ஆம்ஸ்டர்டாம் என்பார். இணையதளம் கட்டுபவருக்கு அது ஒரு தொழில்நுட்பம். டொரண்டோவுக்குக் கிழக்கே உறவினர் இருப்பவருக்கு அது கடித உறையில் எழுதும் ஊர்ப் பெயர். பழைய அமெரிக்க விளம்பரங்களைப் பார்த்தவர் தேய்த்துக் கழுவும் பொடி என்பார். எல்லாரும் சொல்வது சரிதான். இவ்வளவுக்கும் மூலவன் ஒருவன் இருக்கிறான். அவனிலிருந்து தொடங்கிவிட்டால் மற்றவை எளிதாகப் பிடிபடும்.

அஜாக்ஸ் யார்?

ட்ராய் போரில் கிரேக்கர் பக்கம் நின்ற வீரன். சலாமிஸ் தீவின் அரசன் டெலமோனின் மகன். அகிலீஸுக்குப் பெரியப்பா, சித்தப்பா மகன் உறவு. இருவருக்கும் பாட்டன் ஒருவனே, ஏயகஸ். கிரேக்கப் படையில் அகிலீஸுக்கு அடுத்த வீரன் இவன்தான் என்பதை ஹோமர் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்.

அவனை அடையாளம் காட்டுவது கேடயம். ஏழு மாட்டுத்தோல்களை அடுக்கி, எட்டாவதாக வெண்கலத் தகடு போர்த்தியது. கோபுரத்தைச் சுமந்து வருவதுபோல் வந்தான் என்கிறது ஹோமரின் காவியம் ‘இலியத்’. மற்ற வீரர்கள் பாய்வார்கள், விரட்டுவார்கள், சூறையாடுவார்கள். அஜாக்ஸின் வேலை பெரும்பாலும் நிற்பது. அவனுடைய தம்பி டியூக்ரோஸ், மாற்றாந்தாய் மகன், அந்தக் கேடயத்தின் மறைவிலிருந்து எட்டிப்பார்த்து அம்பு விடுவான். விட்டதும் தாயிடம் ஓடும் குழந்தைபோல் கேடயத்துக்குள் ஒளிந்துகொள்வான். ட்ராய்ப் படை கப்பல்களுக்குத் தீ வைக்க வந்தபோது, நீண்ட ஈட்டியோடு கப்பலுக்குக் கப்பல் தாவித் தடுத்தவனும் இவன்தான்.

அகிலீஸுக்குத் தாய் தெட்டிஸ் ஒரு தேவதை. இன்னொரு கிரேக்கத் தலைவன் ஒடிசியஸுக்கு அதீனா தேவி கூடவே இருப்பாள். அஜாக்ஸுக்கு அப்படிச் சொந்தமாக ஒரு தெய்வத் துணை கிடையாது. அகிலீஸின் நண்பன் பெட்ரோக்ளஸின் உடலை மீட்கும் சண்டையில் இருள் கவிந்துவிட, அவன் ஜீயஸிடம் உயிர்ப்பிச்சை கேட்பதில்லை. கொல்வதானால் வெளிச்சத்தில் கொல் என்று மட்டும் கேட்கிறான். ஹோமரைப் படிக்கும்போது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்த இடம் அது.

இவ்வளவு பெரிய வீரன் எப்படி இறந்தான்?

தன் வாளிலேயே விழுந்து இறந்தான். போரில் அல்ல, அவமானத்தில்.

அகிலீஸ் இறந்த பிறகு அவனுடைய கவசமும் ஆயுதங்களும் யாருக்கு என்ற கேள்வி வந்தது. தீர்ப்பு ஒடிசியஸுக்குச் சாதகமாகப் போயிற்று. அன்றிரவே தலைவர்களைக் கொன்றுவிடப் புறப்பட்டான் அஜாக்ஸ். அதீனா அவன் புத்தியை மயக்கினாள். அகமெம்னான் என்றும் மெனெலாஸ் என்றும் நினைத்து அவன் வெட்டியது முகாமின் ஆடுமாடுகளை. ஒரு கிடாயைக் கூடாரத்துக்கு இழுத்துவந்து, ஒடிசியஸைக் கட்டிவைத்து அடிப்பதாக எண்ணிச் சாட்டையால் அடித்தான். விடிந்ததும் மயக்கம் தெளிந்தது. சுற்றிலும் மாட்டு இரத்தம்.

ஏதென்ஸ் நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் ‘அஜாக்ஸ்’ நாடகம் இந்தக் காலையிலிருந்துதான் தொடங்குகிறது. அவன் விழுந்த வாள் அவனுடையதுகூட அல்ல என்பது கதையின் கூர்மை. முன்பொரு நாள் ட்ராய் இளவரசன் ஹெக்டரோடு தனிச்சண்டை போட்டான். பொழுது சாய்ந்து, யாருக்கும் வெற்றி இல்லாமல் சண்டை நின்றது. இருவரும் மரியாதைக்குப் பரிசு மாற்றிக்கொண்டார்கள். ஹெக்டர் வெள்ளிக் குமிழ் பதித்த வாளைக் கொடுத்தான். அஜாக்ஸ் செந்நிற இடைக்கச்சை கொடுத்தான். சோஃபக்ளிஸ் இந்தப் பண்டமாற்றுக்கு வட்டி போடுகிறார். அந்தக் கச்சையால்தான் ஹெக்டர் அகிலீஸின் தேரில் கட்டி இழுக்கப்பட்டான். அந்த வாளில்தான் அஜாக்ஸ் விழுந்தான். பகைவன் தரும் பரிசு பரிசே அல்ல என்ற பழமொழியை அஜாக்ஸே நாடகத்தில் சொல்கிறான்.

பிறகு ஒடிசியஸ் கீழுலகத்துக்குப் போகிறபோது அஜாக்ஸின் ஆவியைப் பார்த்துச் சமாதானம் பேசுகிறான். ஆவி ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விடுகிறது. இலக்கியத்தில் இதைவிடக் கனமான மௌனம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அந்தப் பெயருக்கு என்ன பொருள்?

கிரேக்கத்தில் பெயர் ‘ஐயாஸ்’. இதற்கு இரண்டு விளக்கங்கள் பழங்காலத்திலேயே உண்டு. இரண்டும் கவிஞர்கள் கண்டெடுத்தவை.

பிண்டார் சொல்வது மங்கலமானது. டெலமோனின் விருந்துக்கு ஹெராக்ளிஸ் வந்தான். நண்பனுக்கு வீரமகன் பிறக்க வேண்டுமென்று ஜீயஸை வேண்டினான். ஒரு பெருங்கழுகு வந்தது. கழுகுக்குக் கிரேக்கத்தில் ‘ஐயெட்டோஸ்’. அதையொட்டி மகனுக்கு ஐயாஸ் என்று பெயர் வைக்கச் சொன்னான்.

சோஃபக்ளிஸ் சொல்வது வேறு. மாட்டு இரத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து அஜாக்ஸ் ‘ஐ, ஐ’ என்று அரற்றுகிறான். கிரேக்கத்தில் ‘ஐயை’ என்பது ஓலம். என் பெயர் என் துன்பத்துக்கு இவ்வளவு பொருத்தமாக அமையும் என்று யார் நினைத்திருப்பார்கள் என்று அவனே வியக்கிறான். ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இடத்தில் அடிக்குறிப்பு போட்டுத் தவிக்கிறார்கள். ‘ஐயோ’ என்று சொல்லி வளர்ந்த நமக்கு அடிக்குறிப்பு தேவையில்லை. இரண்டு மொழிக்கும் உறவு இருக்கிறது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வலியில் வாய் திறந்தால் வருகிற ஒலி அது, அவ்வளவுதான்.

ஆக, கழுகாகப் பிறந்த பெயர் ஓலமாக முடிந்தது. பின்னால் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் கேடயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், வாளை அங்கேயே விட்டுவிட்டார்கள். கீழே வரும் பதில்களில் அதைப் பார்க்கலாம்.

ஐயாஸ், அயாக்ஸ், அஜாக்ஸ், ஏஜாக்ஸ்: எது சரி?

யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிரேக்கம்: ஐயாஸ். ரோமானியர் வாயில் அது ஆயாக்ஸ் ஆயிற்று. கடைசி ‘க்ஸ்’ அவர்கள் வைத்தது. வேடிக்கை என்னவென்றால் எதிரி ஒடிசியஸுக்கும் அதே உபசாரம் நடந்தது, அவன் லத்தீனில் உலிக்ஸெஸ். டச்சுக்காரர்கள் இன்றும் அயாக்ஸ் என்றே சொல்கிறார்கள், அது லத்தீனுக்கு நெருக்கம். ஆங்கிலேயர் ஏஜாக்ஸ் ஆக்கினார்கள். கனடாவில் இருக்கும் உறவினர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தமிழ் அச்சில் அஜாக்ஸ் என்று பரவலாக வருகிறது. இங்கும் அதையே வைத்துக்கொண்டேன்.

அஜாக்ஸ் இரண்டு பேர் என்கிறார்களே?

ஆம். டெலமோன் மகன் பெரிய அஜாக்ஸ். லோக்ரிஸ் நாட்டு ஒய்லியஸின் மகன் சின்ன அஜாக்ஸ். வேகமாக ஓடுவான், ஈட்டியில் கெட்டிக்காரன், குணத்தில் மட்டம். ட்ராய் வீழ்ந்த இரவில் அதீனாவின் சிலையைக் கட்டிக்கொண்டு அடைக்கலம் கேட்ட ட்ராய் இளவரசி கசாண்ட்ராவை இழுத்துப்போனவன் இவன். திரும்பும் வழியில் கடலில் செத்தான். பாறையில் தொற்றிப் பிழைத்தவன் ‘கடவுள்களையும் மீறிப் பிழைத்தேன்’ என்று பீற்றிக்கொள்ள, கடல் தெய்வம் பொசைடன் அந்தப் பாறையையே பிளந்தான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ‘இலியத்’தில் ‘இரு அஜாக்ஸ்கள்’ என்று இருமையில் வரும் சொல், முதலில் பெரிய அஜாக்ஸையும் அவன் தம்பி டியூக்ரோஸையுமே குறித்தது என்று மொழியறிஞர் யாக்கோப் வாக்கர்நாகெல் வாதிட்டார். அண்ணன் பெயரால் இருவரையும் சேர்த்து அழைப்பது மிகப் பழைய வழக்கமாம். கேடயத்துக்குள் ஒளிந்த அந்தத் தம்பியை நினைத்துக்கொண்டால் வாதம் மனதுக்கு இதமாகவே இருக்கிறது.

பின்னாளில் பெயரை எடுத்துக்கொண்ட எவரும் சின்ன அஜாக்ஸை நினைத்து எடுக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

பெயரை முதலில் ‘பயன்படுத்தியவர்கள்’ யார்?

ஏதென்ஸ்காரர்கள். கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனிஸ் குடிமக்களைப் பத்துக் குலங்களாகப் பிரித்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய வீரனின் பெயரிட்டார். அதில் ஒன்று ‘ஐயாந்திஸ்’, அஜாக்ஸின் குலம். பத்துப் பேரில் வெளியூர்க்காரன் இவன் மட்டும்தான். காரணம் அரசியல். சலாமிஸ் தீவு யாருக்கு என்று ஏதென்ஸுக்கும் மெகாராவுக்கும் நெடுநாள் தகராறு. அஜாக்ஸ் நம்மவன் என்றால் தீவும் நம்முடையது. ‘இலியத்’தின் கப்பல் பட்டியலில் அஜாக்ஸ் தன் பன்னிரண்டு கப்பல்களை ஏதென்ஸ் படைக்குப் பக்கத்தில் நிறுத்தினான் என்று ஒரு வரி வருகிறது, அதை ஏதென்ஸ்காரர்கள் இடைச்செருகலாகச் சேர்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு பழங்காலத்திலேயே இருந்தது. நிலத் தகராறுக்குப் பத்திரம் திருத்துவது நமக்குப் புதிதல்லவே.

கி.மு. 480இல் பாரசீகக் கப்பற்படை சலாமிஸ் நீரிணைக்குள் வந்தபோது, கிரேக்கர்கள் டெலமோனையும் அஜாக்ஸையும் துணைக்கு வரும்படி வேண்டிக்கொண்டார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். வென்ற பிறகு, பிடிபட்ட பினீஷியக் கப்பல் ஒன்றை அஜாக்ஸுக்குக் காணிக்கையாக வைத்தார்கள். கோபுரக் கேடயக்காரன் கப்பல்களோடு சேர்ந்தது அங்கேதான். அந்த உறவு இருபத்துநான்கு நூற்றாண்டு கழித்தும் நீடித்தது.

அஜாக்ஸ் பெயரில் பூ இருக்கிறதா?

இருக்கிறது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் ஒரு செடிக்கு ‘டெல்ஃபினியம் அஜாசிஸ்’ என்று பெயரிட்டார். நீல நிறத்தில் கொத்தாகப் பூக்கும் தோட்டச்செடி. அஜாக்ஸின் இரத்தம் விழுந்த மண்ணில் ஒரு பூ முளைத்தது, அதன் இதழில் ‘ஐஐ’ என்ற எழுத்து இருந்தது என்பது பழங்கதை. ரோமானியக் கவி ஓவிட் சொல்லும்போது, அதே எழுத்து ஹயசிந்த் என்ற இளைஞனுக்கு ஓலமாகவும் அஜாக்ஸுக்குப் பெயராகவும் நிற்கிறது. வாளை மறக்காத ஒரே துறை தாவரவியல் போலிருக்கிறது.

துப்புரவுப் பொடிக்கு ஏன் ஒரு வீரனின் பெயர்?

கோல்கேட்-பாமோலிவ் நிறுவனம் 1947இல் இந்தப் பெயரில் ஒரு தேய்ப்புப் பொடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பலம் என்பதுதான் கருத்து. அறுபதுகளில் அதே பெயரில் விற்ற சலவைப் பொடியின் விளம்பரத்தில், வெள்ளைக் குதிரையில் வரும் வெண்கவச வீரன் ஈட்டியை நீட்டினால் துணி வெளுத்துவிடும். ‘அழுக்கைவிட வலியது’ என்பது முழக்கம். தி டோர்ஸ் இசைக்குழு 1968இல் தன் பாடல் ஒன்றின் முடிவில் அந்த முழக்கத்தை அப்படியே கிண்டலாகச் சேர்த்துவிட்டது.

ஆனால் இந்தப் பெயர் கழுவுதலோடு ஒட்டிக்கொண்டது அதற்கு வெகு முன்பே. ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் அஜாக்ஸைப் பற்றி ஒரு துன்பியல் நாடகம் எழுதத் தொடங்கினார். நடை பிடிக்காமல் அழித்துவிட்டார். அந்தக் காலத்தில் பப்பைரஸில் எழுதிய மையை நனைந்த பஞ்சால், கடற்பஞ்சால், துடைப்பார்கள். ‘உங்கள் அஜாக்ஸ் எப்படி இருக்கிறான்?’ என்று நண்பர்கள் கேட்டபோது, ‘பஞ்சின் மேல் விழுந்துவிட்டான்’ என்றாராம். வரலாற்றாசிரியர் சுவட்டோனியஸ் பதிவுசெய்த இந்தப் பதிலுக்காகவே அகஸ்டஸை ஓரளவு மன்னிக்கலாம்.

அடுத்து 1596. எலிசபெத் ராணியின் ஞானமகன் சர் ஜான் ஹாரிங்டன், தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறை ஒன்றை வடிவமைத்து அதை விளக்கிப் புத்தகம் போட்டார். தலைப்பில் ‘அஜாக்ஸின் உருமாற்றம்’ என்று வரும். அன்றைய ஆங்கிலத்தில் கழிப்பறைக்கு ‘ஜேக்ஸ்’ என்று பெயர். முன்னால் ‘எ’ சேர்த்தால் ‘எ ஜேக்ஸ்’. சிலேடை அவ்வளவுதான். புத்தகத்துக்குள் அரசவைப் பெரிய மனிதர்களைக் குத்திக்காட்டியிருந்ததால் ராணியின் கோபத்துக்கு ஆளானார்.

இதெல்லாம் தற்செயல் என்றுதான் நினைத்திருந்தேன், சோஃபக்ளிஸை மறுபடி படிக்கும்வரை. சாவதற்கு முன் அஜாக்ஸ் தன் மனைவியையும் தோழர்களையும் நம்பவைக்க ஒரு பொய் சொல்கிறான். கடற்கரை நீராடும் துறைக்குப் போய் என் கறைகளைக் கழுவிக்கொள்கிறேன், தேவியின் கோபம் தணியும், என்கிறான். அவர்கள் நிம்மதியடைகிறார்கள். அவன் வாளோடு போகிறான். பொடி டப்பாவில் பெயர் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

போர்க்கப்பல் அஜாக்ஸ் எது?

பிரிட்டிஷ் கடற்படையில் இந்தப் பெயரில் பல கப்பல்கள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டைச் சொன்னால் போதும்.

1805இல் டிரஃபால்கர் போரில் கலந்துகொண்ட 74 பீரங்கி அஜாக்ஸ், 1807 பிப்ரவரி 14 அன்று இரவு தீப்பிடித்து, எரிந்துகொண்டே மிதந்துபோய் மறுநாள் காலை வெடித்தது. ஏறத்தாழ 250 பேர் இறந்தார்கள். நடந்த இடம் டெனெடோஸ் தீவு. மரக்குதிரையை விட்டுவிட்டுக் கிரேக்கர்கள் கப்பல்களை ஒளித்துவைத்த அதே தீவு. கரையில் ட்ராய் சமவெளி, அஜாக்ஸின் சமாதி என்று காட்டப்பட்ட மேடு. ஒரு கதாசிரியர் இப்படி எழுதினால் மிகை என்று பதிப்பாளர் அடித்துவிடுவார்.

இரண்டாவது, 1934இல் வெள்ளோட்டம் விடப்பட்ட இலகுரகப் போர்க்கப்பல். இரண்டாம் உலகப்போர் தொடங்கி மூன்றே மாதத்தில், 1939 டிசம்பர் 13 அன்று, தென் அமெரிக்காவின் பிளேட் நதி முகத்துவாரத்துக்கு வெளியே ஜெர்மனியின் ‘கிராஃப் ஸ்பே’யை எதிர்கொண்டது. கிராஃப் ஸ்பேயில் 11 அங்குலப் பீரங்கிகள். எதிரே நின்ற மூன்று கப்பல்களில் எக்ஸெட்டருக்கு 8 அங்குலம், அஜாக்ஸுக்கும் அகிலீஸுக்கும் வெறும் 6 அங்குலம். ஆம், அஜாக்ஸோடு தோளுரசி நின்ற கப்பலின் பெயர் அகிலீஸ். எக்ஸெட்டர் சிதைந்து விலகியது. மற்ற இரண்டும் அடிவாங்கிக்கொண்டே எதிரியைத் தொடர்ந்தன. கிராஃப் ஸ்பே மான்டிவிடியோ துறைமுகத்தில் ஒதுங்கி, டிசம்பர் 17 அன்று தன்னைத்தானே வெடிவைத்து மூழ்கடித்துக்கொண்டது. அதன் கேப்டன் ஹான்ஸ் லாங்ஸ்டார்ஃப் மூன்று நாள் கழித்து ப்யூனஸ் அயர்ஸில் தன்னைச் சுட்டுக்கொண்டார். பழைய அஜாக்ஸின் முடிவு இந்த முறை எதிரணிக்குப் போயிற்று.

இதில் நமக்கும் ஒரு கிளைக்கதை. அகிலீஸ் கப்பலை 1948இல் இந்தியா வாங்கியது. ஐ.என்.எஸ். டெல்லி என்று பெயர் மாறி, 1950இல் நேருவை இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோனது, 1961இல் டையூவில் சண்டையிட்டது, 1978வரை பணியில் இருந்தது. பிளேட் நதிப் போரைப் பற்றி 1956இல் வந்த ஆங்கிலப் படத்தில் அகிலீஸாக நடித்ததும் அதே ஐ.என்.எஸ். டெல்லிதான். தன் வேடத்தில் தானே. அஜாக்ஸ் அதற்குள் பழைய இரும்பாகிவிட்டிருந்தது.

கனடாவில் அஜாக்ஸ் என்ற ஊர் வந்தது எப்படி?

அந்தக் கப்பலால்தான். 1941இல் டொரண்டோவுக்குக் கிழக்கே, ஒன்டாரியோ ஏரிக்கரையில், பிக்கரிங் வட்டார விளைநிலங்களை எடுத்துப் பீரங்கிக் குண்டுகளில் வெடிமருந்து நிரப்பும் பெரும் ஆலை கட்டினார்கள். உச்சகட்டத்தில் சுமார் 9,000 பேர் வேலை செய்தார்கள், பெரும்பகுதி பெண்கள். போர் முடிவதற்குள் 4 கோடிக் குண்டுகள் நிரம்பின. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு, அப்போது எல்லார் வாயிலும் இருந்த வெற்றிக் கப்பலின் பெயரை வைத்தார்கள்.

போர் முடிந்ததும் ஊர் கலைந்திருக்க வேண்டியது. திரும்பி வந்த படைவீரர்கள் பொறியியல் படிக்கக் குவிந்ததால், டொரண்டோ பல்கலைக்கழகம் வெடிமருந்துக் கொட்டகைகளை வகுப்பறைகளாக்கி 1946 முதல் 1949 வரை நடத்தியது. 1955இல் தனி நகரமானது. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,26,666.

ஊரின் முக்கியச் சாலை ஹார்வுட் அவென்யூ, அந்தச் சண்டையில் அஜாக்ஸில் இருந்து படையை நடத்திய ஹென்றி ஹார்வுடின் பெயர். பல தெருக்களுக்கு மாலுமிகளின் பெயர்கள். எதிரிக் கேப்டன் லாங்ஸ்டார்ஃப் பெயரையும் ஒரு தெருவுக்கு வைத்தார்கள். ஸ்கார்பரோவிலிருந்து வீடு தேடிக் கிழக்கே நகர்ந்த ஈழத்தமிழர் பலர் இன்று இங்கே வாழ்கிறார்கள். கடைப்பெயர்களிலும் திருமண அழைப்பிதழ்களிலும் ‘அஜாக்ஸ், ஒன்டாரியோ’ என்று தமிழில் அச்சாகிறது. சலாமிஸ் தீவுக்காரன் பெயர் தமிழ் எழுத்தில் மிக அதிகமாக அச்சாவது அநேகமாக அங்கேதான் என்பது என் ஊகம்.

ஆம்ஸ்டர்டாம் கால்பந்துக் கழகம்?

1900 மார்ச் 18 அன்று, ஆம்ஸ்டர்டாமின் கால்வெர் தெருவில் ‘ஓஸ்ட்-இண்டியே’ என்ற காப்பிக்கடையில் தொடங்கியது. அந்தக் காலத்தில் பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் படித்த பையன்கள் கழகம் தொடங்கினால் இப்படித்தான் பெயர் வைப்பார்கள். நெதர்லாந்தில் ஸ்பார்டா, ஹெராக்ளிஸ் என்றெல்லாம் கழகங்கள் உண்டு. 1928இல் தலைக்கவசம் அணிந்த வீரனின் முகம் சின்னமாயிற்று. 1990இல் அதை 11 கோடுகளால் ஆன ஓவியமாக்கினார்கள், ஆட்டக்காரர் ஒருவருக்கு ஒரு கோடு. ரசிகர்கள் பழையதற்கே ஏங்கினார்கள். 2025-26 பருவத்தில் பழைய முகம் திரும்பிவிட்டது.

ஐரோப்பியக் கோப்பையை 1971, 1972, 1973, பிறகு 1995 ஆண்டுகளில் வென்றது. ரீனஸ் மிஹெல்ஸ் பயிற்சியளிக்க, யோஹான் க்ரைஃப் ஆட, ‘முழுக் கால்பந்து’ என்று உலகம் பேசிய பாணி இங்கே வளர்ந்தது: யாரும் தன் இடத்தில் நிற்க மாட்டார்கள், எல்லாரும் எல்லா இடத்துக்கும் மாறிக்கொண்டே இருப்பார்கள். நின்ற இடத்தை விட்டு நகராதவனின் பெயரில்! ஆட்டக்காரர்களைக் ‘கடவுளின் மைந்தர்கள்’ என்று டச்சில் அழைப்பதும் உண்டு. சரியாகக் கணக்குப் பார்த்தால் அஜாக்ஸ் ஜீயஸின் கொள்ளுப்பேரன். மைதானத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்.

இணையத்தில் சொல்லும் அஜாக்ஸுக்கும் இவனுக்கும் தொடர்பு உண்டா?

பெயரளவில்தான். இணையப் பக்கம் முழுவதையும் மறுபடி ஏற்றாமல், வேண்டிய தகவலை மட்டும் பின்னணியில் வாங்கிப் பக்கத்தின் ஒரு பகுதியை மாற்றும் முறை அது. ‘ஒத்திசைவில்லா ஜாவாஸ்கிரிப்ட், எக்ஸ்.எம்.எல்.’ என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். 2005 பிப்ரவரி 18 அன்று ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் ஒரு கட்டுரையில் இந்தப் பெயரைச் சூட்டினார். வாடிக்கையாளரிடம் விளக்க ஒரு சின்னச் சொல் தேவைப்பட்டது, குளிக்கும்போது தோன்றியது என்றார். மறுபடியும் தண்ணீர்!

முறை அதற்கு முன்பே இருந்தது. மைக்ரோசாஃப்ட் 1999இல் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5இல் அதற்கான கருவி இருந்தது. ஜிமெயிலும் கூகுள் மேப்ஸும் அதைக் கொண்டு வித்தை காட்டின. பெயர் வந்த பிறகுதான் ஊர் முழுக்கப் பரவியது. இன்று எக்ஸ்.எம்.எல். இடத்தை ஜேசான் என்ற வேறொரு தகவல் வடிவம் பிடித்துக்கொண்டது. ஆனால் பெயரின் கடைசி எழுத்து மட்டும் நிற்கிறது, ரோமானியர் வைத்த ‘க்ஸ்’ போலவே.

ராணுவத்தில் வேறெங்கே இந்தப் பெயர்?

அமெரிக்காவின் ‘நைக்கி அஜாக்ஸ்’, விமானங்களை வீழ்த்துவதற்காக 1954இல் பணியில் அமர்த்தப்பட்ட தரை ஏவுகணை. அதன் இடத்துக்குப் பின்னர் வந்தது ‘நைக்கி ஹெர்குலிஸ்’. ஹெராக்ளிஸின் லத்தீன் பெயர் அது. பிண்டாரின் கதையில் அஜாக்ஸ் பிறக்க வேண்டிக்கொண்டவனே வந்து அவனை ஓய்வுக்கு அனுப்பிவிட்டான்.

ஈரானில் 1953 ஆகஸ்டில் பிரதமர் மொசாடெக்கின் ஆட்சியைக் கவிழ்த்த சி.ஐ.ஏ. நடவடிக்கையின் ரகசியப் பெயரிலும் அஜாக்ஸ் உண்டு.

பிரிட்டிஷ் ராணுவம் 2014இல் 589 கவச வாகனங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டது. மொத்தத் திட்டம் 550 கோடி பவுண்டு. அந்த வாகனத்துக்கும் அஜாக்ஸ் என்றே பெயர். உள்ளே உட்கார்ந்தவர்களுக்கு இரைச்சலாலும் அதிர்வாலும் உடல்நலம் கெட, 2021இல் சோதனைகளை நிறுத்த வேண்டியதாயிற்று. காக்க வேண்டிய கேடயம் சுமப்பவனையே தாக்கியது. இதே குடும்பத்தில் கட்டளை மையமாகச் செயல்படும் இன்னொரு வகை வண்டிக்கு என்ன பெயர் தெரியுமா? அதீனா. பெயர் வைத்த குழுவில் ஒருவராவது சோஃபக்ளிஸைப் படித்திருக்கலாம்.

வானத்திலும் அஜாக்ஸ் இருக்கிறானா?

இருக்கிறான். 1404 அஜாக்ஸ் என்ற சிறுகோள், 1936இல் ஹைடல்பெர்க்கில் கார்ல் ரைன்முத் கண்டுபிடித்தது. வியாழனின் பாதையிலேயே அதற்கு முன்னும் பின்னுமாகச் சுற்றும் இரு கூட்டங்களில், முன்னே போவது ‘கிரேக்கர் முகாம்’, பின்னே வருவது ‘ட்ராய் முகாம்’. அஜாக்ஸ் கிரேக்கர் முகாமில். அந்தந்த முகாமுக்கு அந்தந்தப் பக்கத்து வீரர் பெயர் என்ற விதி வருவதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டதால் அதே முகாமில் ஹெக்டரும் மாட்டிக்கொண்டான். அகிலீஸும் ஒடிசியஸும்கூட அங்கேதான்.

அந்த நாடகத்தை இன்றும் யாராவது போடுகிறார்களா?

அமெரிக்காவில் 2008 முதல் பிரையன் டோரீஸ் என்பவர் படைவீரர்கள் முன்னால் அதை வாசிக்க ஏற்பாடு செய்துவருகிறார். நடிகர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பார்கள். முடிந்ததும் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்து திரும்பியவர்களும் அவர்கள் மனைவிமாரும் எழுந்து பேசுவார்கள். சோஃபக்ளிஸே படைத்தலைவராக இருந்தவர், பார்வையாளர்களும் போருக்குப் போய்வந்தவர்கள். ஆகவே இந்த ஏற்பாடு புதுமை அல்ல, பழைய முறைக்குத் திரும்புவதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. அஜாக்ஸ் பெயரைப் பயன்படுத்தியவர்களில் வாளைக் கையில் எடுத்தவர்கள் இவர்கள்.

குழந்தைக்கு இந்தப் பெயரை வைக்கலாமா?

உங்கள் விருப்பம். அஜாக்ஸ் தன் மகனுக்குத் தன் பெயரை வைக்கவில்லை. யூரிசாக்கீஸ் என்று வைத்தான். ‘அகன்ற கேடயம்’ என்று பொருள். சாகப்போகிற நாளில் அந்தச் சின்னப் பையனைத் தூக்கிவரச் சொல்கிறான். அப்பனைவிட அதிர்ஷ்டசாலியாக இரு, மற்றதில் அப்பனைப் போலவே இரு, என்கிறான். உன் பெயருக்குக் காரணமான ஏழு தோல் கேடயத்தை நீ வைத்துக்கொள், மற்ற ஆயுதங்களை என்னோடு புதைத்துவிடட்டும், என்று சொல்லிக் கதவைச் சாத்தச் சொல்கிறான்.